பொட்டு வைத்த முகமூடி

எனக்குக் கோபம் வந்தால் சட்டி பானை கழுவுவேன். அந்தக் கார்த்திகை மாதம் எங்கள் குசினியில் கரி பிடித்த சட்டி ஒன்றுகூட இருக்கவில்லை. அவ்வளவு கோபம், என் மனுசன் மேல். தன்னுடைய வெல்டிங் மெசினை விற்பதாக யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு, அதை என்னிடம் சில நாட்கள் கழித்துத்தான் சொன்னார். அதுவும் சோற்றைக் குழைத்துக்கொண்டு, குழம்புக்கு உப்புக் காணாது என்று சொல்கிற குரலில்.

“தை பிறக்க வந்து ஏத்துவார்.”

“ஆர்? எதை?”

“மானிப்பாயிலை ஒரு தம்பி. மெசினை.”

நான் எழும்பிப் போய்ச் சட்டி கழுவினேன்.

எங்கள் வீடு அச்சுவேலிக்குக் கிட்ட, தோட்டங்களுக்கு நடுவே போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். அதுதான் இவருடைய பட்டறை. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே கேற்றும் யன்னல் கம்பியும் ஒட்டினார். வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடுகளுக்கெல்லாம் மயில் வைத்த கேற், தாமரை வைத்த கேற் என்று செய்து கொடுத்த மனுசன். எங்கள் வாசலில் மட்டும் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிய தகரப் படலை. கேட்டால், “செய்வம், செய்வம்” என்பார். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

அந்த வருடத் தொடக்கத்தில் அவருடைய வலது கண்ணில் பார்வை போனது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பார்வை திரும்பவில்லை. மிஞ்சியிருக்கும் கண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் இனிப் போகவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் கொட்டில் பக்கம் கால் வைக்கவில்லை. முன் விறாந்தையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. விடிந்தால் அதில் இருப்பார், பொழுதுபட்டாலும் அதில் இருப்பார். ஒழுங்கையால் போகிறவர்கள் “எப்பிடி அண்ணை?” என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு காலத்தில் இந்த மனுசனின் வாயை மூட வைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். கேற் செய்யச் சொல்லி வருகிறவனோடு அரசியல், மழை, கோயில் திருவிழாக் கணக்கு எல்லாம் கதைத்துத் தேத்தண்ணியும் குடிக்க வைத்துத்தான் அனுப்புவார். இப்போது வீடு கப்சிப்.

மெசின் போனால் இவர் அந்தக் கதிரையை விட்டு ஒருநாளும் எழும்ப மாட்டார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், வருமானம் போகிறதே என்பதைவிட அந்தப் பயம்தான் பெரிது. மகள் கல்யாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அதிலும் ஒருவர் பேசாமல் இருந்தால் மற்றவர் என்ன செய்வது?

“நான் பழகிறன்,” என்றேன் அடுத்த நாள்.

“எதை?”

“வெல்டிங்.”

ஒற்றைக் கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உமக்கு விசரே?”

“ஓம், விசர்தான். தை மட்டும் பொறுங்கோ. அதுக்குள்ளை எனக்குச் சரிவராட்டி அந்தத் தம்பி வந்து ஏத்திக்கொண்டு போகட்டும். நான் ஒரு சொல்லுச் சொல்லேன்.”

“ஏதோ செய்யும்,” என்றார். அது அவருடைய பாஷையில் “முடியாது” என்பதற்குச் சமம். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் இவருடைய பழைய கைமூடியை எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி பதித்த பலகை மாதிரி ஒன்று. இடது கையால் அதை முகத்துக்கு முன் பிடிக்க வேண்டும், வலது கையால், பிடியில் கொளுவிய வெல்டிங் குச்சியை இரும்பில் உரச வேண்டும். எனக்கு இரண்டு கையும் ஒன்றாக ஓடவில்லை. மூடி முகத்துக்கு வருவதற்கு முதலே குச்சி பற்றிவிட்டது. ஒரு தரமல்ல, பல தரம். பொழுதுபட்ட பிறகு தெரிந்தது அதன் வினை. ஐயோ, கண் இரண்டுக்குள்ளும் கடற்கரை மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்த மாதிரி. பக்கத்து வீட்டு மச்சாள் உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டு ஓடி வந்தா. கிழங்கை என் கண்ணில் வைத்துவிட்டு வாயைத் திறந்தா.

“பொம்பிளையள் செய்யிற வேலையே உது? இந்த வீட்டிலை ஒரு கண் போனது காணாதே?”

விறாந்தையில் இருந்தவருக்கு அது கேட்டது. கதிரை இழுபடும் சத்தம் வந்தது, எழும்பி உள்ளே போய்விட்டார். மச்சாள் நல்லவதான், கிழங்கு கொண்டுவந்ததும் அன்பில்தான். ஆனால் அந்தச் சொல் எனக்குக் கண் எரிச்சலைவிடக் கூட எரிந்தது. காலையில் கண் கொஞ்சம் திறக்கத் தொடங்கியதும் முடிவெடுத்தேன். கையில் பிடிக்கிற மூடி எனக்குச் சரிவராது. தலையில் போடுகிற முகமூடி ஒன்று வாங்க வேண்டும்.

கண் முழுதாகச் சுகமான பிறகு பஸ் ஏறி ரவுண் கடைத்தெருவுக்குப் போனேன். இரும்புச் சாமான் கடையில் ஒரு தம்பி நின்றார்.

“வெல்டிங் மாஸ்க் இருக்கோ?”

“ஓம் அக்கா. அண்ணைக்கோ?”

“இல்லை, எனக்கு.”

“உங்களுக்கோ?”

“ஏன் தம்பி, என்ரை கழுத்துக்கு மேலை தலை இல்லையோ?”

அவர் மாஸ்க்குகளை வரிசையாக எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது, தலையை ஓர் ஆட்டு ஆட்டினால் படக்கென்று விழுந்து முகத்தை மூடுகிற வகை. போட்டுப் பார்த்தேன். மூடினால் கும்மிருட்டு. குச்சியை எங்கே வைப்பது என்று குறி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினால், தலையோடு கையும் சேர்ந்து ஆடுகிறது. கடைக்குள் நின்று நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சிமெந்து வாங்க வந்தவர்கள் சிமெந்தை மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது வகை பாரமில்லை. கண்ணாடி இளம்பச்சை. சாதாரணமாக எல்லாம் தெரியும், வெல்டிங் வெளிச்சம் பட்ட உடனே கண்ணாடி தானாகக் கறுக்கும் என்றார் அந்தத் தம்பி. நான் நம்பவில்லை. அவர் அதைப் போடச் சொல்லி, அடுப்புப் பற்றவைக்கிற லைற்றரை எடுத்து என் முகத்துக்கு முன்னால் டக் டக்கென்று தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் கடை முழுவதும் இருண்டு இருண்டு வெளித்தது. எனக்குச் சிறுபிள்ளைச் சந்தோசம்! இன்னொரு தரம் தட்டச் சொன்னேன். அதற்குப் பிறகும் இன்னொரு தரம்.

பிரச்சினை என் கொண்டையில் வந்தது. முகமூடியைத் தலையில் இறுக்குகிற பட்டி சரியாகக் கொண்டைக்கு மேல் வந்து நின்றது. இறுக்கினால் முகமூடி வானத்தைப் பார்த்தது, தளர்த்தினால் மூக்கில் வந்து குந்தியது. அந்தச் சாமானைச் செய்தவர்கள் ஒருவரும் கொண்டை போட்ட ஆளை நினைத்துச் செய்யவில்லை. கடைசியில் சனத்துக்கு நடுவே கொண்டையை அவிழ்த்துப் பின்னி முதுகில் விட்டுக்கொண்டு மறுபடி போட்டேன். அளவாகப் பொருந்தியது. “பத்தாம் நம்பரிலை விடுங்கோ அக்கா, அதுதான் கண்ணுக்குச் சுகம்,” என்று பக்கத்துக் குமிழைத் திருப்பிக் காட்டினார் அந்தத் தம்பி. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும், சைக்கிளோ தண்ணீர்ப் பம்போ, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூசாமல் பாவிக்க மாட்டோம். நானும் முகமூடியைச் சாமியறையில் வைத்து விளக்கேற்றினேன். முகமூடியின் கண்ணாடிக்கு மேலே சின்னதாக இரண்டு வட்டம் இருந்தது. பொட்டு வைக்கவென்றே விட்ட இடம் மாதிரி. சந்தனத்தைக் கொஞ்சம் தடிப்பாகக் குழைத்து, வட்டத்துக்கு ஒன்றாக இரண்டு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டேன். பார்க்க வடிவாக இருந்தது. கும்பிட்டுக்கொண்டேன், “முருகா, என்ரை மானத்தைக் காப்பாத்து.”

மறுநாள் காலையில் கொட்டிலுக்குப் போனேன். இவர் முன்விறாந்தையில். முகமூடியைப் போட்டு, மெசினைப் போட்டு, குச்சியை இரும்பில் உரசினேன். பற்றியது. கண்ணாடி கறுக்கவில்லை! மின்னல் வந்து முகத்தில் அறைந்த மாதிரி வெள்ளை வெளிச்சம். நான் போட்ட கூச்சல் சந்தைக்கே கேட்டிருக்கும். குச்சியும் பிடியும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு நிலத்தில் இருந்தேன். எங்கே பார்த்தாலும் ஒரு பச்சை வட்டம் மிதந்தது. எனக்கும் கண் போய்விட்டது, இந்த வீட்டில் இனி ஆர் ஆருக்குச் சோறு போடுவது என்று நினைத்து அழுகை வந்துவிட்டது.

யாரோ ஓடி வரும் சத்தம். இவர்தான். மாதக் கணக்காகக் கால் வைக்காத கொட்டிலுக்குள் வெறுங்காலோடு ஓடி வந்து, மெசினை நிற்பாட்டிவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

“கண் தெரியுதே? இஞ்சரும், என்னைப் பாரும்! என்ரை முகம் தெரியுதே?”

பச்சை வட்டம் மெல்ல மெல்லக் கரைந்தது. “தெரியுது,” என்றேன். “சேவ் எடுக்கேல்லை.”

அவருக்கு மூச்சு வந்தது. பிறகுதான் கோபமும் வந்தது. “எங்கை அந்தச் சனியன்? எந்தக் கடையிலை வாங்கினனீர்? உதை இண்டைக்கே கொண்டு போய்…” என்று முகமூடியைத் தூக்கித் திருப்பினார். ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பெருவிரலால் தடவினார். காய்ந்த சந்தனம் விரலில் ஒட்டி வந்தது.

“உதென்ன?”

“பொட்டு.”

“எங்கை வைச்சிருக்கிறீர் எண்டு தெரியுமே? இந்த ரெண்டும்தான் இதின்ரை கண். வெளிச்சத்தை இதுதான் பாத்துக் கண்ணாடிக்குச் சொல்லுறது. நீர் கண்ணை மூடிப்போட்டு, பார் பார் எண்டால் அது எப்பிடிப் பாக்கும்? பொட்டு நெத்தியிலை எல்லோ வைக்கிறது!”

“அதுக்கு நெத்தி எங்கை எண்டு எனக்கென்ன தெரியும்?”

அவ்வளவுதான். சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இரும்புக் குவியலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், மறுபக்கம் இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்ற நினைப்பு. உடுத்திருந்த சாரத்துத் தலைப்பால் அந்த இரண்டு வட்டத்தையும் மினுங்கத் துடைத்தார். குசினியிலிருந்து லைற்றரை எடுத்து வந்து தட்டி, கண்ணாடி கறுக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்லித் திருப்தியானார். பிறகு முன்னால் போய்ப் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொட்டில் மூலையில், சுவரைப் பார்க்கப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

“ம், தொடங்கும். நான் திரும்பேன். காது இருக்குத்தானே.”

மார்கழி முழுவதும் வெளியே மழை, உள்ளே நாங்கள். குச்சி இரும்பில் ஒட்டிக்கொண்டால் சுவரைப் பார்த்தபடியே, “முறுக்கி எடும்” என்பார். “தூரப் போகுது, கிட்டப் பிடியும்” என்பார். சத்தத்தை வைத்தே சொல்கிறார். எனக்கும் அது மெல்ல விளங்கியது. எண்ணெய் அளவாகக் காய்ந்தால் வடை ஒரே சீராகப் பொரியுமல்லவா, அந்தச் சத்தம் வர வேண்டும். வெடித்து வெடித்துக் கேட்டால் பிழை. ஒட்டி முடிந்ததும் இவர் எழும்பி வருவார். மேலே படிந்த கசட்டைக் கொத்தித் தட்டிவிட்டு, சுத்தியலால் மூட்டில் ஒரு போடு. என் மூட்டு இரண்டாகப் பிரிந்து விழும். ஈவிரக்கம் என்பதே இல்லை.

“ஒட்டேல்லை, சும்மா மேலை பூசியிருக்கிறீர்.”

“உடைக்கிறதுக்கெண்டே வாறியள்!”

“நான் உடைக்காட்டி வாங்கினவன் வீட்டிலை உடையும்.”

ஒருநாள் கோபத்தில் பிடியை வீசிவிட்டு வீட்டுக்குள் போய், கழுவிய சட்டியையே மறுபடி கழுவினேன். பின்னேரம் திரும்பிப் போனேன். என்னுடைய நைலோன் உடுப்பில் பொறி விழுந்து ஓட்டை ஓட்டையாகப் போனதைக் கண்டு, தன்னுடைய பழைய ஜீன்சையும் நீளக்கைச் சேட்டையும் எடுத்து வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு நான் கிணற்றடிக்குப் போக, மச்சாள் வேலிக்கு மேலால் பார்த்து, “ஆரது, புது வேலைக்காரத் தம்பியோ?” என்றா. “ஓம், சம்பளம்தான் இல்லை,” என்றேன்.

மழை விட்டு வெளிக்கிற நேரத்தில் என் மூட்டுகள் பிரியாமல் நிற்கத் தொடங்கின. சுத்தியலால் அடிப்பார், கம்பி வளையும், மூட்டு நிற்கும். அப்போதும் மெச்சமாட்டார். “அடுத்ததைப் பாரும்” என்பார். எங்கள் வீட்டுக்கே ஒரு கேற் செய்யப் போகிறேன் என்றேன். மயில் வேண்டாம், தாமரை வேண்டாம், நேர்க்கம்பி போதும். அளந்து வெட்டித் தருவது அவர் பொறுப்பு. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் கிட்டம் பிடிபடாது, அதனால் விரலால் தொட்டுத் தொட்டு அளந்தார். ஒட்டுவது நான்.

பொங்கலுக்கு முந்திய கிழமை கேற் முடிந்தது. அதை வாசல் இரும்புத் தூணில் கொளுவுகிற பிணைச்சல் இரண்டும்தான் பாக்கி. பொங்கலன்று, பொங்கிப் படைத்துக் கைகழுவிக்கொண்டு நின்ற நேரத்தில் இவருடைய போன் அடித்தது. மானிப்பாய்த் தம்பி. நாளைக்கு விடிய வந்து மெசினை ஏற்றுவதாகச் சொன்னார். நான் இவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “ஓம்,” என்றார். “ஓம், வாரும்.” போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

இவ்வளவும் செய்து என்ன? சொன்ன சொல்லை மாற்றாத மனுசன். நானும் ஒரு சொல்லுச் சொல்லேன் என்று வாய் விட்டிருந்தேன். அன்று சட்டி கழுவக்கூட மனம் வரவில்லை.

விடியக் காலையில் எழும்பி நீளக்கைச் சேட்டைப் போட்டேன். “மெசின் போறதுக்கு முதல் கேற்றைக் கொளுவிப்போட்டு விடுவம். இல்லாட்டி அதுவும் கிடந்து கறள் பிடிக்கும்,” என்றேன். வயரை நீட்டி வாசலுக்கு இழுத்தோம். கேற்றைக் கல்லில் ஏற்றி நிறுத்தி, அவர் அந்தப் பக்கம் முதுகைக் கொடுத்துக் கண்ணையும் மூடிக்கொண்டு பிடித்தார். பிணைச்சல் நிமிர்ந்து நிற்கும் தூணில் ஒட்ட வேண்டும். உருகுகிற இரும்பு வடிந்து கீழே வரப் பார்க்கும். கை நடுங்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. மேல் பிணைச்சல், பிறகு கீழ்ப் பிணைச்சல். என் சொந்த மூச்சும் அந்தப் பொரியிற சத்தமும்தான் கேட்டன. முடித்துவிட்டு முகமூடியைத் தூக்கினேன்.

அவர் திரும்பி வந்து கசட்டைத் தட்டினார். சூடு ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரலால் தடவினார். சுத்தியலை எடுக்கவில்லை. கல்லைத் தட்டி விட்டார். கேற் தூணில் தொங்கியது. பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார். நான் என்னவென்று கேட்க முதலே கேற்றின் கீழ்க் கம்பியில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று, தூணில் ஓர் உந்து உந்தினார். கேற், ஐம்பது தாண்டிய அந்தப் பாரமான மனுசனைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் போய், திரும்பி வந்தது.

“ஐயோ, இறங்குங்கோ! சனம் பாக்குது!”

“பாக்கட்டும்.” இன்னோர் உந்து. இன்னும் வேகமாக. “பாரும், ஒரு நூலளவும் இறங்கேல்லை! ஒரு நூல்!”

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்கள் பழைய படலையில் தொங்கினால் ஏசித் துரத்துகிற மனுசன், காலை வெயிலில் சேவ் எடுக்காத முகத்தோடு கேற்றில் தொங்கிப் போய்ப் போய் வந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்த நேரம் பார்த்து டக் டக் டக்கென்று பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று ஒழுங்கைக்குள் வந்து நின்றது. பெட்டியில் கயிறு, பலகை, தூக்குவதற்கு இரண்டு ஆட்கள். மானிப்பாய்த் தம்பி இறங்கி, கேற்றில் நின்று ஆடிக்கொண்டிருந்தவரை வாயைப் பிளந்து பார்த்தார்.

“அண்ணை… மெசின் ஏத்த வந்தனான்.”

இவர் இறங்கவில்லை. கேற் அசைவு நிற்கும்வரை அதிலேயே நின்றார். “தம்பி, குறை நினைக்காதையும். மெசின் விக்கிறேல்லை.”

“என்னண்ணை இது! லான்ட்மாஸ்ரரும் பிடிச்சு, ஆக்களையும் கூட்டிக்கொண்டு மானிப்பாயிலை இருந்து வாறன். நேற்றுப் போனிலை ஓம் எண்டனீங்கள். அப்பவே சொல்லியிருக்கலாம்தானே?”

“சொல்லியிருப்பன் தம்பி,” என்றார் இவர், என்னைப் பார்த்துக்கொண்டு. “எனக்கே இப்பத்தானே தெரியும்.”